புது அசிஸ்டென்ட் வந்தாச்சு, ஹெச்.ஆர். வாயைத் திறக்கவில்லை

(நீலகிரித் தேயிலைத் தொழிற்சாலை அலுவலகங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரின் கேள்வி பதில்)

குன்னூர் வாசகர்: சார், திங்கட்கிழமை காலை ஒரு பெண் என் மேஜை முன் வந்து நின்று, "உங்களுக்கு அசிஸ்டென்டா போட்டிருக்காங்க" என்றார். ஹெச்.ஆரிடமிருந்து மெயிலும் இல்லை, போனும் இல்லை. என்ன செய்வது?

முதலில் உட்கார வைத்து டீ கொடுங்கள். தகவல் வராதது அந்தப் பெண்ணின் தப்பில்லை. அப்புறம், கையில் நியமனக் கடிதம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் பதவி, சேரும் தேதி, சம்பளம் போடுவது யார் என்று பாருங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நியமனக் கடிதத்தைக் கட்டாயமாக்கிவிட்டன, அதனால் கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

அன்று மாலைக்குள் ஹெச்.ஆருக்கு ஒரு மெயில், மேலாளருக்கு நகல். புகார் தொனி வேண்டாம். "இன்னார் இன்று காலை 9 மணிக்கு வந்து சேர்ந்தார். உத்தரவு நகலும் பணி விவரமும் அனுப்பவும். அதுவரை கோப்பு வேலை மட்டும் கொடுக்கிறேன்." அவ்வளவு போதும். போனில் பேசியிருந்தாலும் இதை எழுதிவிடுங்கள். பின்னால் சேர்ந்த தேதியில் தகராறு வந்தால் இந்த மெயில்தான் பேசும். போனில் "சரி சரி, பார்க்கிறோம்" என்றவருக்கு அன்றைக்கு எதுவும் ஞாபகம் இருக்காது.

கோத்தகிரி வாசகர்: வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கலாமா?

வாங்குங்கள். மேலாளர் தயங்கினால் தனித்தாளில் வந்த நேரம், போன நேரம் எழுதி வாங்கி வையுங்கள். பி.எஃப். சேர்ந்த நாளிலிருந்து கணக்காகும். பழைய வேலையில் கொடுத்த யு.ஏ.என். (பி.எஃப். கணக்குக்கான நிரந்தர எண்) இருந்தால் அதையே ஹெச்.ஆருக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். இரண்டு எண்ணாகிவிட்டால் ஒன்றாக்க அலைய வேண்டும்.

குன்னூர் வாசகர் மீண்டும்: வியாழன், வெள்ளி தேயிலை ஏலம் சார். வேலை குவிகிறது. என் பாஸ்வேர்டைக் கொடுத்துவிடவா?

கூடவே கூடாது. அந்தப் பெண்ணுக்கென்று தனி லாகின் வரும்வரை ஏலக் கணக்கும் விவசாயிகளின் வங்கி விவரமும் உங்கள் கையிலேயே இருக்கட்டும். பச்சைத்தேயிலை எடைச்சீட்டுகளைக் கொடுங்கள். மழையில் நனைந்து, மை கலங்கி, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்குமே, அதைப் பிரித்துத் தேதி வாரியாக அடுக்கி லெட்ஜரோடு ஒத்துப் பார்க்கட்டும். ஆள் எவ்வளவு கவனம் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

ஊட்டி, ஓட்டல் அலுவலகம்: எங்களுக்கு வந்தவர் ஏஜென்சி ஆள். சம்பளம் அவர்கள் பாடுதானே?

கொடுக்கும்வரை அவர்கள் பாடு. ஏஜென்சி கைவிரித்தால் வேலை வாங்கிய நிறுவனம்தான் கொடுக்க வேண்டும். 1970-ம் வருட ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலிருந்தே இதுதான் விதி. ஒப்பந்த நகலைக் கேட்டு வாங்குங்கள்.

மேட்டுப்பாளையம் வாசகி: ஐயா, நான் அந்த மாதிரி அனுப்பப்பட்டவள். மலை மேலே ஒரு ஆபீசில் சேர்ந்தேன். சார் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, என்னை வேவு பார்க்க வந்தவள் என்று நினைக்கிறார் போல.

இருக்கும்மா. தன்னைக் கேட்காமல் ஆள் போட்டால் யாருக்கும் அந்தச் சந்தேகம் வரும். நீங்களே போய், "சார், எனக்கும் எதுவும் சொல்லி அனுப்பவில்லை" என்று கடிதத்தைக் காட்டிவிடுங்கள். பாதிப் பனி அதிலேயே விலகும். யாரிடம் லீவு சொல்வது, யார் வேலை கொடுப்பது என்பதையும் அப்போதே கேளுங்கள்.

இன்னொன்று, டிஎன் 40 (உங்கள் மேட்டுப்பாளையம் பதிவு) வண்டியில் வருவதானால் நீலகிரிக்குள் நுழையும் இ-பாஸ் பார்த்துக்கொள்ளுங்கள், அரசு பஸ் என்றால் அந்தத் தொல்லை இல்லை. ஐப்பசி மழையில் குன்னூர் ரோட்டில் பர்லியாறு பக்கம் மண் சரிந்து பஸ் நின்றால் கோத்தகிரி வழியாகச் சுற்றி வர வேண்டியிருக்கும். அன்று தாமதமானால் யாருக்குப் போன் செய்வது என்று சாரிடம் நம்பர் வாங்கி வையுங்கள்.