லேவியராகமத்தோடு நின்றுபோன வாசிப்பு

கேள்வி: போன புத்தாண்டு ஆராதனையில், முழு வேதாகமத்தையும் ஒரே வருஷத்தில் வாசித்து முடிப்பதாகத் தீர்மானம் எடுத்தேன். லேவியராகமத்தோடு நின்றுவிட்டது. டிசம்பர் வந்ததும் மனசு உறுத்துகிறது. என் மகள் ஒன்பதாம் வகுப்பு. அரையாண்டு லீவுக்கென்று நூலகத்திலிருந்து கதைப் புத்தகங்களாக எடுத்து வைத்திருக்கிறாள். என் மாமியார், "கிறிஸ்தவப் பிள்ளைக்கு வேதம் போதும், கதையெல்லாம் வீண்" என்கிறார். அவருக்குக் கண் மங்கி, ஒரு வருஷமாக வேதம் வாசிக்க முடியவில்லை. வீட்டில் தினமும் இதே பேச்சுதான். மகளைத் தடுக்கலாமா? வருஷக் கடைசியில் நாங்கள் எதை வாசிப்பது? அடுத்த வருஷம் மறுபடியும் தீர்மானம் எடுக்கவே பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மகளைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் அத்தையின் கண்ணைப் பற்றிப் பேசிவிடுகிறேன். காலையில் எழுந்ததும் வேதத்தைத் திறந்தே பழகியவருக்கு எழுத்து தெரியாமல் போவது சின்ன இழப்பு இல்லை. பேத்தி மணிக்கணக்காகப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது அவருக்கு வருகிற கோபத்தில் பாதி ஏக்கம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. புரை விழுந்திருந்தால், அறுவை சிகிச்சைக்குப் பிறகு பெரும்பாலானவர்களுக்குப் பார்வை நன்றாகத் திரும்பிவிடுகிறது. டாக்டர் வெங்கடசாமி 1976-ல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை மதுரை அண்ணா நகரில்தான் இருக்கிறது. வசதியில்லாதவர்களுக்கு இலவசமாகவும் செய்கிறார்கள். கிறிஸ்துமஸ் வேலை முடியட்டும், பொங்கல் கழியட்டும் என்று தள்ளிப்போடாமல் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

சரி, மகள் விஷயம். தடுக்காதீர்கள் என்பதே என் பதில். இதை அத்தைக்குச் சொல்ல வேறு எங்கும் போக வேண்டாம், அவர் நேசிக்கிற வேதத்திலிருந்தே சொல்லலாம். தாவீது ராஜா பெரிய பாவம் செய்துவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் அரண்மனையில் இருந்தபோது, ஆண்டவர் அனுப்பிய நாத்தான் தீர்க்கதரிசி போய் முதலில் என்ன செய்தார்? ஒரு கதை சொன்னார். ஏழை ஒருவன், அவனிடம் ஒரே ஒரு ஆட்டுக்குட்டி, அதைப் பிடுங்கிய பணக்காரன். கதையைக் கேட்டு ராஜா கொதித்தெழுந்த பிறகுதான், "நீயே அந்த மனுஷன்" என்ற வார்த்தை வந்தது. நேரடியாகப் போய்க் கண்டித்திருந்தால் தாவீது காது கொடுத்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான். நம் ஆண்டவரோ, "எனக்குப் பிறன் யார்?" என்று கேட்டவனுக்கு விளக்கவுரை நடத்தவில்லை. எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போன ஒருவனின் கதையைச் சொன்னார். கதை வீண் என்றால் சுவிசேஷத்தில் பாதியை எங்கே வைப்பது?

அப்புறம் பவுல். அத்தேனே (ஏதென்ஸ்) பட்டணத்தில் பிரசங்கிக்கும்போது அந்த ஊர்ப் புலவர்களின் வரியை எடுத்துச் சொல்கிறார். அப்போஸ்தலர் 17-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. படிக்காமலா சொல்லியிருப்பார்? சாவு நெருங்கிவிட்டது என்று தெரிந்தே சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் அவர் கேட்டவற்றைப் பாருங்கள்: துரோவாவில் விட்டுவந்த மேலங்கி, புஸ்தகங்கள், விசேஷமாய்த் தோற்சுருள்கள். மாரிகாலத்துக்கு முன்பே வந்துவிடு என்கிறார். குளிருக்கு அங்கி கேட்ட அதே மூச்சில் புத்தகமும் கேட்ட மனிதர் அவர். அந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

நம் தமிழ்க் கிறிஸ்தவ வரலாறும் இதையேதான் சொல்கிறது. தமிழின் முதல் நாவலாகச் சொல்லப்படும் பிரதாப முதலியார் சரித்திரத்தை 1879-ல் வெளியிட்டவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை, முன்சீப்பாக, அதாவது நீதிபதியாக இருந்த கத்தோலிக்கர். மதுரை மிஷனைச் சேர்ந்த வீரமாமுனிவர், சூசையப்பர் மேல் தேம்பாவணி என்ற காவியம் பாடினார். பிள்ளைகள் வயிறு குலுங்கச் சிரிக்கும் பரமார்த்த குருவின் கதையை எழுதியவரும் அவரே. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் பெயர்த்ததும் அவர்தான். உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1834-ல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன், 1842-ல் தன் செமினரி என்ற பயிற்சிப் பள்ளியைத் திருமங்கலத்தில்தான் தொடங்கியது. 1845-ல் அது பசுமலைக்குப் போனது. இந்தப் பக்கத்துக் கிராமங்களில் பள்ளிக்கூடங்களைத் திறந்த டேனியல் பூவர் பெயரில்தான் இன்றும் அமெரிக்கன் கல்லூரி நூலகம் இருக்கிறது. நம் முன்னோர்களில் எத்தனையோ பேருக்கு வேதம் வாசிக்கக் கற்றுக்கொடுத்தவை அந்த மாதிரிப் பள்ளிகள். அங்கே கணக்கும் பூகோளமும் இலக்கியமும் சேர்த்துத்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

அதற்காக எதை வேண்டுமானாலும் வாசிக்கட்டும் என்று நான் சொல்லவில்லை. "உண்மையுள்ளவைகளெவைகளோ, ஒழுக்கமுள்ளவைகளெவைகளோ" என்று தொடங்கும் பிலிப்பியர் 4:8 உங்களுக்கு மனப்பாடமாகவே இருக்கும். அங்கே பவுல் புத்தகப் பட்டியல் கொடுக்கவில்லை, எதை மனசில் வைத்துச் சிந்திக்க வேண்டும் என்று சொல்கிறார். ஒரு கதையில் கெட்டவன் வருவதாலேயே அது கெட்ட கதை ஆகிவிடாது. தம்பியைக் குழியில் போட்டு விற்ற அண்ணன்மாரையும், முத்தமிட்டுக் காட்டிக்கொடுத்தவனையும் வேதம் மறைக்கவில்லை. தீமையை ருசியாகக் காட்டுகிறதா, ஏழையையோ வேறு சாதிக்காரரையோ வேறு மதத்தவரையோ கேவலமாகப் பார்க்கச் சொல்லித்தருகிறதா என்று பாருங்கள். அப்படிப்பட்டதை அவள் கையில் கொடுக்காதீர்கள். கைபேசியில் தொடராக வரும் சில கதைகள் அவள் வயதுக்கு ஆகாதவை. வேண்டாம் என்று சொல்லலாம், ஆனால் காரணத்தையும் சொல்லுங்கள். நூலகப் புத்தகங்களில் ஒன்றை நீங்களும் வாசியுங்கள். சமையல் வேலையின்போது மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, "என்ன கதை, சொல்லு" என்று கேளுங்கள். அவள் யார் பக்கம் நின்று கதை சொல்கிறாள் என்பதிலேயே உங்களுக்கு நிறைய விளங்கிவிடும்.

கிறிஸ்தவப் பெயரோடு வருவதெல்லாம் நல்லது என்றும் நினைத்துவிடாதீர்கள். வருஷக் கடைசியில் வாட்ஸ்அப்பில் சுற்றும் 'அடுத்த ஆண்டுக்கான தீர்க்கதரிசனங்கள்' எனக்குப் பெரிய வேதனை. இன்ன மாதம் இன்ன அழிவு, இதைப் பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் ஆசீர்வாதம் போய்விடும் என்கிற செய்திகள். அந்த நாளையும் நாழிகையையும் ஒருவனும் அறியான் என்று ஆண்டவர் சொன்ன பிறகு, இவர்களுக்கு யார் தேதி கொடுத்தது? வீட்டில் தடுக்க வேண்டிய வாசிப்பு ஒன்று உண்டென்றால் அது இதுதான். மகளின் கதைப் புத்தகத்தை விட்டுவிடுங்கள்.

இந்த டிசம்பரில் என்ன வாசிப்பது என்று கேட்டீர்கள். உங்கள் வீட்டுக்கு ரூத்தின் புஸ்தகத்தைச் சொல்வேன். நாலே அதிகாரம். பஞ்சத்தில் ஊரைவிட்டுப் போய், புருஷனையும் பிள்ளைகளையும் பறிகொடுத்து வெறுங்கையோடு பெத்லகேமுக்குத் திரும்பும் ஒரு மாமியார், அவளை விடாமல் கூடவே வரும் மருமகள். கிறிஸ்துமஸ் முடிந்ததும் 26-லிருந்து 29 வரை, இராத்திரிக் குடும்ப ஜெபத்தில் தினம் ஓர் அதிகாரம். வாசிப்பது உங்கள் மகளாக இருக்கட்டும், சத்தமாக, நிதானமாக. அத்தை கேட்கட்டும். அவருக்குத் தெரிந்ததைப் பேத்திக்குச் சொல்லட்டும், இடையில் நிறுத்தினாலும் பரவாயில்லை. நீங்களும் சும்மா உட்கார்ந்து கேளுங்கள். 30-ஆம் தேதி சங்கீதம் 90. "எங்கள் நாட்களை எண்ணும் அறிவை எங்களுக்குப் போதித்தருளும்" என்ற ஜெபம் அதில்தான் இருக்கிறது. 31-ஆம் தேதி இராத்திரி ஆராதனைக்குக் கிளம்பும் முன் சங்கீதம் 103. அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே என்கிற சங்கீதம் அது. கடந்த வருஷத்து உபகாரங்களை ஆளுக்கு ஒன்றாகச் சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் புறப்படுங்கள். லீவு முடிவதற்குள் ஒரு நாள் மகளை மதுரை நத்தம் சாலையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கும் கூட்டிப்போங்கள். இதுவரை பார்க்கவில்லை என்றால் பிரமித்துப்போவாள்.

கடைசியாக, அந்தத் தீர்மானம். வேதாகமத்தில் 1189 அதிகாரங்கள். ஒரு வருஷத்தில் முடிக்க தினமும் மூன்று, நான்கு அதிகாரம் வாசிக்க வேண்டும். அந்த வேகத்தில் ஜனவரி முடிவதற்குள் ஆதியாகமமும் யாத்திராகமமும் முடிந்து லேவியராகமம் வந்துவிடும். பலிகள், சுத்திகரிப்பு, ஆசாரியருக்கான முறைமைகள் என்று போகிற அந்த இடத்தில், பக்கத்தில் விளக்கிச் சொல்ல ஆளில்லாமல் நின்றுபோனவர்கள் எல்லாச் சபையிலும் உண்டு. ஆண்டவர் உங்கள் பக்கக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கவில்லை. புது வருஷத்தில் லூக்காவில் தொடங்குங்கள். தினம் ஓர் அதிகாரம், 24 நாளில் முடியும். அடுத்து அதே லூக்கா எழுதிய அப்போஸ்தலர், 28 அதிகாரம். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டாக வாசிக்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்தே தொடருங்கள். மார்ச் வாக்கில் லேவியராகமத்துக்குத் திரும்ப ஆசை வந்தால், உங்கள் ஆயரிடம் கேட்டு, அதோடு எபிரெயருக்கு எழுதின நிருபத்தையும் சேர்த்து வாசியுங்கள். அந்தப் பலிகளுக்கெல்லாம் என்ன அர்த்தம் என்பது அங்கே விளங்கும்.