நாமே பெயிண்ட் அடித்தால் உண்மையில் எவ்வளவு மிச்சம்?

கேள்வி: சென்னை கொளத்தூரில், 1998-இல் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில் 650 சதுர அடி சொந்த வீட்டில் வசிக்கிறோம். உட்புறம் முழுவதும் பட்டி பார்த்து, இரண்டு கோட்டிங் எமல்ஷன் அடிக்கப் பொருளோடு சேர்த்து 52,000 ரூபாய் கேட்கிறார்கள். கடையில் விசாரித்தால் பொருளுக்கு 20,000 ரூபாய்தான் ஆகிறது. எட்டு நாள் சம்பளமில்லா விடுப்பு எடுத்து, தீபாவளிக்குள் நானே அடித்துவிடலாமா? அல்லது கிரெடிட் கார்டில் வட்டியில்லாத் தவணை போட்டு அவர்களிடமே விடலாமா? மாதச் சம்பளம் 60,000 ரூபாய். நான்கு வயதில் மகள் இருக்கிறாள். குளியலறையை ஒட்டிய ஹால் சுவரில், அடிப்பகுதியில் பெயிண்ட் உரிகிறது.

பதில்: உங்கள் கணக்கில் 32,000 ரூபாய் மிச்சமாகத் தெரிகிறது. அதிலிருந்து சில தொகைகளைக் கழித்த பிறகே முடிவெடுக்க வேண்டும். ஏணி, ரோலர், உப்புத்தாள், முகக்கவசம், தரையில் விரிக்கும் தார்ப்பாய் ஆகியவற்றுக்கு 4,000 ரூபாயும், பழக்கமில்லாத கையால் வீணாகும் பெயிண்டுக்கு 2,000 ரூபாயும் ஒதுக்குங்கள். எட்டு நாள் சம்பளம் 16,000 ரூபாய். ஆக, கையில் நிற்பது 10,000 ரூபாய். அதுவும் எட்டே நாளில் வேலை முடிந்தால்தான். 650 சதுர அடி வீட்டில் சுவர்களும் மேற்கூரையும் சேர்ந்து ஏறத்தாழ 2,000 சதுர அடிக்கு மேல் வரும். அவ்வளவையும் தேய்த்து, பட்டி பார்த்து, காயவிட்டு, மறுபடி தேய்த்து, பிரைமர் அடித்து, அதன்பின் இரண்டு கோட்டிங் அடிப்பதை உங்கள் மனைவி கைகொடுத்தாலும் எட்டு நாளில் முடிப்பீர்கள் என்று நான் நம்பவில்லை.

ஆனால் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது அந்த ஹால் சுவர்தான். பல ஆண்டுகளுக்கு முன், என் வீட்டில் இதே போன்ற சுவருக்கு நானே பட்டி வைத்து அழகாக அடித்தேன். இரண்டு மாதத்தில் தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்குப் பெயிண்ட் உப்பி, விரலால் தொட்டதும் அப்பளம் போல் நொறுங்கி விழுந்தது. உள்ளே வெள்ளை உப்பு பூத்திருந்தது. ஓதம் ஏறிய சுவரில் யார் அடித்தாலும் நிற்காது. உங்கள் சுவரில் ஒரு பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் உட்புறம் நீர்த்துளி படிந்தால், முதலில் பிளம்பரை அழைத்துக் குளியலறைக் குழாய்க் கசிவைச் சரிசெய்து, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகே பெயிண்டைப் பற்றி யோசிக்க வேண்டும். ஈரம் வெளிச்சுவரிலிருந்து வருவதாகத் தெரிந்தால், அது பொதுச்சுவர் என்பதால் குடியிருப்புச் சங்கத்திடம் எழுத்து மூலம் கேளுங்கள். அந்தச் செலவை நீங்கள் மட்டும் சுமக்க வேண்டியதில்லை.

அதனால்தான் தீபாவளி அவசரம் வேண்டாம் என்கிறேன். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னையில் சுவர் எளிதில் காயாது. பண்டிகை நெருக்கத்தில் கூலியும் இறங்காது. பொங்கல் கழிந்து பிப்ரவரியில் வைத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் முதல் மாதம் 9,000 ரூபாய் வீதம் ஐந்து மாதம் தனிச் சேமிப்புக் கணக்கில் போட்டால், 45,000 ரூபாயும் சிறிது வட்டியும் சேரும். கார்டு தவணை தேவைப்படாது. வட்டியில்லாத் தவணை என்ற பெயரில் வருவனவற்றில் பெரும்பாலும் செயலாக்கக் கட்டணமும், தள்ளுபடியாகக் கழிக்கப்படும் வட்டித் தொகையின் மீதே 18 சதவீத ஜிஎஸ்டியும் இருக்கின்றன. ஒரு தவணை தவறினால் மாதம் 3 சதவீதத்துக்கும் மேல் வட்டி ஏறும்.

45,000 ரூபாய் போதுமா என்று கேட்பீர்கள். போதும்படி வேலையைப் பிரித்துக்கொள்ளலாம். பொருளை நீங்களே வாங்கி, கூலியை மட்டும் தனியாகப் பேசுங்கள். ஹால், சமையலறை, மேற்கூரைகள், பட்டி வேலை ஆகியவற்றைப் பெயிண்டரிடம் விடுங்கள். ஓதமில்லாத ஒரு படுக்கையறையின் சுவர்களை மட்டும் வார விடுமுறைகளில் நீங்களும் உங்கள் மனைவியும் அடியுங்கள். வேலையில் கால் பங்கு குறைந்தால், கூலியில் 8,000 ரூபாய் வரை குறைத்துக் கேட்பது நியாயம். சம்பளமும் போகாது, அவ்வளவு குறைந்தால் மொத்தச் செலவு ஏறத்தாழ 44,000 ரூபாயில் அடங்கும்.

பழைய கதவு, ஜன்னல் கம்பிகளை மட்டும் நீங்கள் உப்புத்தாளால் வறட்டுத் தேய்ப்புத் தேய்க்கவே கூடாது. வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயத்தின் அளவை 90 பிபிஎம்முக்குள் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) கட்டுப்படுத்தும் விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. 1998-ஆம் ஆண்டு எனாமல் பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. அந்தத் தூள் சிறு குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியது. யார் தேய்த்தாலும் நீர் தொட்டுத் தேய்க்கட்டும். வேலை முடிந்து வீட்டை ஈரத்துணியால் துடைத்து எடுக்கும்வரை, மகளைத் தாத்தா பாட்டி வீட்டில் விட்டுவையுங்கள்.

பெயிண்டரிடம் பேசும்போது, எத்தனை கோட்டிங், எந்த பிரைமர், பட்டி எந்தெந்தச் சுவருக்கு என்பதைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பக்கெட்டை உங்கள் முன்னிலையில் திறக்கச் சொல்லி, அதில் அச்சிட்ட அளவுக்கு மேல் தண்ணீர் கலக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். முன்பணம் கால் பங்கைத் தாண்ட வேண்டாம்; கடைசி 10 சதவீதத்தை, வேலை முடிந்து இரண்டு வாரம் கழித்து அந்த ஹால் சுவரை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.