படிவம் நிரப்பலாம், ஆலோசனை சொல்லலாமா?

அமெரிக்காவில் குடியேற்றச் சட்ட உதவி பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும்

எங்கள் தமிழ்ச் சங்கத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை சிட்டிசன்ஷிப் படிவம் நிரப்பித் தருகிறோம். காசு வாங்குவதில்லை. இது சட்டவிரோதம் என்று ஒருவர் பயமுறுத்துகிறார். உண்மையா? (வாசகர், நியூஜெர்சி)

பாதி உண்மை. வந்தவர் சொல்வதை அப்படியே கட்டத்தில் எழுதித் தருவதில் தவறில்லை. காசே வாங்காமலோ பெயருக்கு ஏதோ வாங்கியோ, சட்டம் தெரிந்தவராகத் தன்னைக் காட்டிக்கொள்ளாமல், அச்சிட்ட படிவத்தின் வெற்றிடங்களை மட்டும் நிரப்பித் தர மத்திய அரசின் விதியே இடம் தருகிறது. எந்தப் படிவம் போடுவது, இந்தக் கேள்விக்கு என்ன எழுதுவது நல்லது, இப்போதே போடலாமா கொஞ்சம் பொறுக்கலாமா என்று சொல்லத் தொடங்கினால் அது சட்ட ஆலோசனை. இலவசமாகச் சொன்னாலும் ஆலோசனைதான்.

கிரீன் கார்டு வைத்திருக்கும் ஒரு அம்மா மதுரையில் எட்டு மாதம் இருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறார் என்று வையுங்கள். குடியுரிமை விண்ணப்பமான என்–400 படிவம் கடந்த ஐந்து ஆண்டுப் பயணங்களைத் தேதியோடு கேட்கும். தேதிகளைப் பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுதுவது எழுத்து வேலை. ஆனால் ஒரே பயணத்தில் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால், குடியுரிமைக்குத் தேவையான தொடர் வசிப்பு அறுந்துவிட்டது என்றே அதிகாரி எடுத்துக்கொள்வார். அறவில்லை என்று வீட்டு வாடகை, வரிக் கணக்கு, இங்குள்ள குடும்பம் ஆகியவற்றைக் காட்டி அந்த அம்மாதான் நிரூபிக்க வேண்டும். ஓராண்டு தாண்டிவிட்டால் அந்த வழியும் அநேகமாக அடைபட்டுவிடும். இந்த இடத்தில் தன்னார்வலர், "பரவாயில்லைம்மா, போட்டுடலாம்" என்று சொன்னால் கோட்டைத் தாண்டிவிட்டார். விண்ணப்பம் மறுக்கப்படுவதோடு போகாமல், கிரீன் கார்டையே கைவிட்டாரா என்ற கேள்வியும் கிளம்பலாம்.

வழக்கறிஞரை வேலைக்கு வைக்கும் வசதி எங்களுக்கு இல்லை. ஆலோசனையும் சொல்ல வேண்டுமென்றால் என்ன வழி? (அதே வாசகர்)

வழி இருக்கிறது, அதுவும் பல பத்தாண்டுகளாக. குடியேற்ற நீதிமன்றங்களை நடத்தும் ஈஓஐஆர் அமெரிக்க நீதித் துறையின் கீழ் வருகிறது. வழக்கறிஞர் அல்லாதவர் குடியேற்ற வழக்குகளைக் கவனிக்க அது அனுமதி தருகிறது. இரண்டு அனுமதிகள் வேண்டும்: அமைப்புக்கு அங்கீகாரம் (ஈஓஐஆர்–31 படிவம்), அந்த அமைப்பில் வேலை செய்யும் ஆளுக்குத் தனி அனுமதி (ஈஓஐஆர்–31ஏ). முதல் முறை இரண்டையும் சேர்த்தே அனுப்ப வேண்டும். ஆள் இல்லாமல் அமைப்புக்கு அங்கீகாரம் கிடைக்காது. அந்த ஆள் சம்பளக்காரராக இருக்க வேண்டியதில்லை, தன்னார்வலரே போதும்.

இப்போதுள்ள விதிகள் 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தவை. அமைப்பு லாப நோக்கற்றதாக, மத்திய வரி விலக்குப் பெற்றதாகவோ விண்ணப்பித்ததாகவோ இருக்க வேண்டும். கட்டணம் வாங்கலாம், கட்டண அட்டவணையும், கட்ட முடியாதவர்களுக்கு என்ன சலுகை என்ற எழுத்துபூர்வமான கொள்கையும் தேவை. சந்தேகம் வந்தால் கேட்க அனுபவமுள்ள குடியேற்ற வழக்கறிஞரோ பயிற்சி நிறுவனமோ பின்னால் இருக்கிறது என்றும் காட்ட வேண்டும். அருகிலுள்ள ஒரு வழக்கறிஞரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிட்டால் இந்தப் பகுதி முடிந்தது.

நம் சங்கங்கள் இடறும் இடம் வேறு. இந்தச் சேவை முக்கியமாகக் குறைந்த வருமானக்காரர்களுக்கும் ஏழைகளுக்கும் போக வேண்டும் என்பது நிபந்தனை. உறுப்பினர் பட்டியல் முழுக்க ஹெச்–1பி பொறியாளர்களாக இருந்து, அவர்களுக்கே இலவச ஆலோசனை தரும் திட்டம் என்றால் நிற்காது. வறுமைக் கோட்டு வருமானத்தின் 200 சதவீதத்தை எல்லையாக வைத்துப் பல அமைப்புகள் யாருக்கு உதவுவது என்று முடிவு செய்கின்றன. உங்கள் ஊரில் உணவக வேலை, பெட்ரோல் பங்க், முதியோர் பராமரிப்பு என்றிருக்கும் தமிழர்களையும் பிற மொழியினரையும் முன்னால் வைத்துத் திட்டம் எழுதுங்கள்.

ஆளுக்கு: குடியேற்றச் சட்ட அடிப்படைகளில் முறையான பயிற்சி, நன்னடத்தை, பரிந்துரைக் கடிதங்கள், கையால் செய்த அனுபவம். படிப்பை மட்டும் காட்டி அனுபவத்தைக் காட்டாத விண்ணப்பங்கள்தான் பலவீனமானவை. வேறொரு அங்கீகாரம் பெற்ற அமைப்பில் சில மாதம் மேற்பார்வையில் உட்கார்ந்துவிட்டு விண்ணப்பிப்பது நல்லது.

பகுதி அனுமதி, முழு அனுமதி என்கிறார்களே? (வாசகி, டெக்சாஸ்)

பகுதி அனுமதி உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை முன்னால் மட்டும் செல்லும்; குடியேற்ற விண்ணப்பங்களை முடிவு செய்யும் யுஎஸ்சிஐஎஸ் அதன் ஒரு பிரிவு. முழு அனுமதி அதோடு குடியேற்ற நீதிமன்றத்துக்கும் மேல்முறையீட்டு வாரியத்துக்கும் சேர்த்து. பகுதியில் தொடங்குங்கள். ஆனால் அசைலம் (அகதி அடைக்கலம்) வழக்கைத் தொடும் முன் யோசியுங்கள்: யுஎஸ்சிஐஎஸ் ஒப்புக்கொள்ளாமல் நீதிமன்றத்துக்கு அனுப்பிவிட்டால் பகுதி அனுமதிக்காரர் வாசலிலேயே நிற்க வேண்டும். யாரிடம் ஒப்படைப்பது என்று முன்பே பேசி வைத்திருக்க வேண்டும்.

அங்கீகாரம் கிடைத்த பிறகு அமைப்புகள் எங்கே சறுக்குகின்றன?

ஒரே ஆளை நம்புவதில். அனுமதி அந்த ஆளுக்குச் சொந்தமில்லை, அமைப்போடு கட்டியது. அவர் வேறு மாநிலத்துக்குப் போனால் அனுமதியும் போய்விடும், அமைப்பின் அங்கீகாரம் செயலற்ற நிலைக்கு இறங்கும். குறைந்தது இரண்டு பேருக்கு வாங்குங்கள். அடுத்தது காலக்கெடு: புதிய அமைப்புக்கு முதலில் இரண்டு ஆண்டு நிபந்தனை அங்கீகாரம், பிறகு ஆறு ஆண்டு, ஆளுக்கு மூன்று ஆண்டு. மூன்றும் வெவ்வேறு நாளில் முடியும். கட்டண அட்டவணையையும் ஆண்டுச் சேவைச் சுருக்கத்தையும் ஆறு ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

படிவம் நிரப்பும் முகாம் நாளில் வேறு வகைத் தொல்லை. நிரப்ப இருபது பேர் இருப்பார்கள், சரிபார்க்க அனுமதி பெற்றவர் ஒருவர்தான் இருப்பார். ஒரு என்–400ஐ ஒழுங்காகச் சரிபார்க்க இருபது நிமிடமாவது ஆகும். நாலு மணி நேரத்தில் பன்னிரண்டு. அதற்குத் தகுந்தாற்போல் முன்பதிவு வாங்குங்கள். வாசலிலேயே நாலு கேள்வி கேட்டுப் பிரித்துவிடுங்கள்: எப்போதாவது கைதா, ஆறு மாதத்துக்கு மேல் பயணமா, குடிமகன் ஆகாமலே வாக்காளராகப் பதிந்தீர்களா, வரி பாக்கியா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் நிரப்பும் மேசைக்குப் போகக் கூடாது, நேரே சரிபார்ப்பவரிடம்.

உதவி கேட்டு வந்தவர்களின் கோப்பைச் சங்கத் தலைவரே ஆனாலும் திறக்கக் கூடாது. ஊர் சிறியது, பேச்சு பெரியது.

இலங்கைப் பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்த்து நோட்டரி கையெழுத்து வாங்க வேண்டுமா?

வேண்டாம். இரு மொழியும் தெரிந்த யாரும் மொழிபெயர்க்கலாம். மொழிபெயர்ப்பு முழுமையானது, சரியானது, எனக்கு இரு மொழியும் தெரியும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். எந்த அனுமதியும் இல்லாமல் ஒரு தமிழ்ச் சங்கம் இன்றே தொடங்கக்கூடிய உதவி இதுதான். முத்திரையில் உள்ளதையும் விடாமல் பெயர்த்துவிடுங்கள்.

ஒரு கன்சல்டன்ட் அசைலம் படிவம் போட்டுத் தந்தார். வழக்கறிஞரா என்று தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது? (வாசகர், நியூயார்க்)

வழக்கறிஞர் என்றால் எந்த மாநில பாரில் (வழக்கறிஞர் மன்றத்தில்) பதிந்தவர் என்று கேட்டு அந்தப் பதிவேட்டில் பாருங்கள். இல்லையென்றால், அங்கீகாரம் பெற்ற அமைப்புகள், ஆட்களின் பட்டியலை ஈஓஐஆர் மாநில வாரியாக இணையத்தில் வைத்திருக்கிறது. இரண்டிலும் இல்லை என்றால் அவர் உங்களுக்காகப் பேச முடியாது. உங்கள் படிவத்தின் நகலை எடுத்துப் பாருங்கள். காசு வாங்கித் தயாரித்துவிட்டு, தயாரித்தவர் பகுதியைக் காலியாக விட்டு, உங்கள் பிரதிநிதி யார் என்று அறிவிக்கும் ஜி–28 படிவமும் வைக்காமல் அனுப்பியிருந்தால் அவர் தன் பெயர் எங்கும் வராமல் பார்த்துக்கொண்டார் என்று அர்த்தம்.

அசைலம் விண்ணப்பத்தைப் பொதுவாக நாட்டுக்குள் வந்த ஓராண்டுக்குள் போட வேண்டும். அதனால் உண்மையில் அனுப்பினாரா என்று ரசீதைக் கேளுங்கள், வாய்ச்சொல் வேண்டாம். ரசீதில் அவருடைய அலுவலக முகவரி இருந்தால் உடனே மாற்றுங்கள்: யுஎஸ்சிஐஎஸ்ஸுக்கு வீடு மாறிய 10 நாளுக்குள் ஏஆர்–11 முகவரி மாற்றப் படிவம், வழக்கு நீதிமன்றத்தில் இருந்தால் 5 வேலை நாளுக்குள் ஈஓஐஆர்–33 படிவம். ஒன்றைக் கொடுத்தால் மற்றதற்குப் போய்ச் சேராது. நோட்டீஸ் பழைய முகவரிக்குப் போய், விசாரணைக்கு நீங்கள் வராமலே வெளியேற்ற உத்தரவு வந்துவிடும்.