பொழுதோட ஒரு பேச்சு: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி புத்தகம், ஊர் சுற்றல், விளையாட்டு பற்றித்தான். சரி, சொத்துத் தகராறையும் மாமியார் மருமகள் ஓரியாட்டத்தையும் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.

ஈரோடு புத்தகத் திருவிழாவுக்கு வருஷம் தவறாமல் போய் இரண்டு பை நிறைய வாங்கி வருகிறேன். படித்தது என்னவோ நாலைந்துதான். "எடைக்குப் போட்டாலாவது வெங்காயம் வாங்கலாம்" என்கிறாள் வீட்டுக்காரி. நான் திருந்த வழி உண்டா?
– வாசகர், பெருந்துறை

திருந்த வேண்டாங்க. எங்கள் வீட்டுக் கட்டிலுக்கடியில் இருப்பதை உங்கள் வீட்டம்மா பார்த்தால் உங்களை உத்தமர் என்று சொல்லிவிடுவார். நான் ஒரு காரியம் செய்கிறேன். வாங்கிய அன்றைக்கே முதல் பக்கத்தில் தேதியையும் கூட வந்தது யார், என்ன நடந்தது என்பதையும் ஒரு வரி எழுதிவிடுவேன். போன மாதம் ஒன்றை உருவினால் "மழை, செருப்பு அறுந்தது, டெல்லி அப்பளம்" என்று இருந்தது. அந்த மழைக்காகவே உட்கார்ந்து படித்து முடித்தேன், புத்தகம் சுமார்தான்.

காசுதான் பிரச்சினை என்றால் நூலகம் இருக்கிறது. நாம் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்து போகிறது, 1948-ல் வந்த சட்டம். அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் நம்ம திருப்பூர்க்காரர் தி. சு. அவினாசிலிங்கம். பணத்தையும் கட்டிவிட்டுப் புத்தகமும் எடுக்காமல் இருந்தால் யாருக்கு நட்டம் என்று வீட்டம்மாவிடமே கேளுங்கள்.

மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். நம்ம ஊர்ப் பேச்சே மறந்துபோய்விடுமோ என்று வெசனமாக இருக்கிறது. கொங்குத் தமிழில் ஒரு நாவல் சொல்லுங்கள், தலையணை மாதிரி இருக்கக் கூடாது.
– வாசகி, தாராபுரம்

தாராபுரத்தில் இருந்துகொண்டு என்னைக் கேட்கிறீர்களே அம்மணி! உங்கள் பக்கத்துக் கீரனூர்க்காரர் ஆர். சண்முகசுந்தரம் 1942-ல் எழுதிய 'நாகம்மாள்' இருக்கும்போது வேறெங்கே போவது? புருஷனை இழந்தவள் கொழுந்தனிடம் தன் பங்கு நிலத்தைப் பிரித்துக் கேட்கிறாள், கதை அவ்வளவுதான். முடிவைச் சொல்ல மாட்டேன். சின்னப் புத்தகம், ஒரே நாளில் முடித்துவிடலாம். ஆனால் மகளைத் தனியாகப் படிக்கச் சொல்லாதீர்கள். ராத்திரி போனில் பேசும்போது நீங்கள் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம் என்று சத்தமாக வாசியுங்கள். அந்தப் பேச்சு கண்ணுக்கு எழுதியதல்ல, காதுக்கு எழுதியது.

பேரன் பேத்திகளோடு ஊட்டி மலை ரயிலில் போக வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. "பஸ்ஸில் ரெண்டு மணி நேரத்தில் போகலாம், இதுக்கு ஏன் மெனக்கெடறீங்க" என்கிறான் மகன்.
– வாசகர், கரூர்

மகன் சொல்வது கணக்குக்குச் சரி. மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீட்டர்தான், அதை ஏறி முடிக்க அந்த ரயில் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்ளும். ஆனால் மெனக்கெடுவதற்காகத்தானே போகிறோம், சீக்கிரம் போய்ச் சேர்ந்து அங்கே என்ன வெட்டி முறிக்கப் போகிறோம்?

கல்லாறு வரைக்கும் அது சாதாரண ரயில். அதற்கப்புறம் தண்டவாளத்துக்கு நடுவே இரண்டு பல் சட்டங்கள் ஆரம்பிக்கும், ரம்பத்தை மல்லாக்கப் போட்ட மாதிரி. எஞ்சினுக்கடியில் இருக்கும் பல்சக்கரம் அதைக் கவ்விப் பிடிக்கும்போது காலடியில் ஒரு அதிர்வு வரும், பேத்தியின் கையைப் பிடித்து "இப்ப பாரு கண்ணு" என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். சில இடத்தில் பன்னிரண்டு அடி போனால் ஓர் அடி ஏற்றம், வெறும் தண்டவாளம் என்றால் சக்கரம் வழுக்கிவிடும். எஞ்சின் முன்னால் நின்று இழுக்காது, பின்னாலிருந்து தள்ளும். அதனால் முதல் பெட்டியில் இடம் கிடைத்தால் எதிரே புகையும் இல்லை, மறைப்பும் இல்லை, பச்சைக் கொடியோடு நிற்கும் பிரேக்காரரும் மலையும்தான்.

குன்னூர் வரைக்கும் 1899-லேயே ரயில் ஓடிவிட்டது, ஊட்டி போய்ச் சேர 1908 ஆனது. 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. குன்னூரில் நீராவி எஞ்சினைக் கழற்றி டீசலை மாட்டும்போது பிள்ளைகளை இறக்கிக் காட்டுங்கள். குன்னூருக்கு முன்னால் வரும் ஹில்குரோவ் ஸ்டேஷனில் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது மட்டும் சோத்து டப்பாவை மடியிலேயே வையுங்கள். நான் அசந்த நேரம் ஒரு குரங்கு என் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, முகர்ந்து பார்த்து, வேண்டாமென்று வைத்துவிட்டுக் கடலை மிட்டாயை மட்டும் எடுத்துக்கொண்டு போனது. புளிச்சோறு சமைத்தது என் சம்சாரம், அதனால் இதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். ஐப்பசி கார்த்திகை வேண்டாம், மண் சரிந்தால் ரயிலை நிறுத்திவிடுவார்கள். மலை ரயில் காலை ஏழு மணி சுமாருக்குக் கிளம்பும், எனவே முதல் நாளே மேட்டுப்பாளையம் போய்த் தங்குவது உத்தமம்.

பனியன் கம்பெனியில் வேலை. ஞாயிறு மட்டும் லீவு. பொழுதுபோக்கு என்று ஒன்று வேண்டும், ஆனால் காசும் இல்லை, நேரமும் இல்லை.
– வாசகர், திருப்பூர்

ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஒரு எட்டு நஞ்சராயன் குளத்துக்குப் போய்வாருங்கள். கூலிபாளையம் பக்கம்தான், டவுன் பஸ் தூரம். 2022-ல் அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள், 2024-ல் உலகின் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. மார்கழி, தை மாதங்களில் போனால் வரித்தலை வாத்து கண்ணில் படலாம். வெள்ளைத் தலையில் பின்பக்கமாக இரண்டு கறுப்புக் கோடு, விபூதிப் பட்டையைக் கரியால் போட்ட மாதிரி. மங்கோலியா, திபெத் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு இமயமலையைத் தாண்டி வருகிற பறவை அது, நாம் பல்லடம் போய்வரவே அலுத்துக்கொள்கிறோம். பைனாகுலர் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம், முதல் நாலு வாரம் வெறும் கண்ணும் ஒரு நாற்பது பக்க நோட்டும் போதும். சிவப்புச் சட்டை மட்டும் வேண்டாம்.

சினிமாவைத் தியேட்டரில் பார்ப்பதா, போனில் பார்ப்பதா?
– வாசகர், கோவை

சாமிக்கண்ணு வின்சென்ட் என்ற ரயில்வே குமாஸ்தா 1905-ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டி, 1914-ல் உங்கள் ஊரில் வெரைட்டி ஹால் என்ற தியேட்டரைக் கட்டினார். வெரைட்டி ஹால் ரோட்டில் நின்றுகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்டுவிடாதீர்கள்.

லீவுக்கு வந்த பேரன் செல்போனைக் கீழே வைப்பதில்லை. என்ன செய்ய?
– ஒரு அப்புச்சி, காங்கயம்

பிடுங்காதீர்கள், பகைதான் மிஞ்சும். சாப்பீஸை எடுத்துத் திண்ணையில் ஆடு புலிக் கட்டத்தை வரையுங்கள். மூன்று புலி, பதினைந்து ஆடு, புளியங்கொட்டையும் கல்லும் போதும். புலியை அவனுக்குக் கொடுத்து, முதல் இரண்டு ஆட்டம் வெட்ட விடுங்கள். மூன்றாவதில் ஆடுகளை ஓரத்திலிருந்து ஒட்டுக்கா நெருக்கிக்கொண்டு வந்து புலியை அசைய விடாமல் அடைத்துவிடுங்கள். "இன்னொரு ஆட்டம் அப்புச்சி" என்று அவனே கேட்பான், என் பேரன் கேட்டான். ஆனால் இப்போது அதையும் செல்போனிலேயே இறக்கி வைத்துக்கொண்டு என்னைத் தோற்கடிக்கிறான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

முப்பது வருஷமாகத் தீப்பெட்டிப் படம் சேர்க்கிறேன். "இதில் பத்துப் பைசா பிரயோஜனம் உண்டா" என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்ல?
– வாசகர், சத்தியமங்கலம்

பத்துப் பைசாவே இப்போது செல்லாது என்று சொல்லுங்கள். அப்புறம், மயில் படம் போட்டது ஏதாவது உங்களிடம் இரட்டையாக இருக்கிறதா? என்னிடம் யானை மூன்று இருக்கிறது, மாற்றிக்கொள்ளலாம்.