ஆள் போயாச்சு, அட்மின் கணக்கு போகலையே!

கே: செகண்ட் ஹேண்டில் வாங்கிய விண்டோஸ் 11 லேப்டாப்பில் பழைய உரிமையாளரின் அட்மின் கணக்கு இருக்கிறது. அழித்துவிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். முதலில் உங்கள் கணக்கு அட்மினா என்று பாருங்கள். அப்புறம் டிரைவ் என்கிரிப்ஷன், அதாவது டிரைவில் உள்ளதைப் பூட்டி வைக்கும் வசதி. அது ஆன் ஆகியிருந்தால், பூட்டைத் திறக்கும் 48 இலக்க ரெக்கவரி கீ அநேகமாக அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில்தான் கிடக்கும். என்றைக்காவது பயாஸ் (லேப்டாப்பை முதலில் இயக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் முடிந்து நீலத்திரையில் லேப்டாப் அந்தக் கீயைக் கேட்டால், விற்றவர் போனை எடுக்கவேண்டுமே! நானாக இருந்தால் கணக்கை மட்டும் சுரண்டிக்கொண்டிருக்க மாட்டேன். செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி போய், 'ரிமூவ் எவ்ரிதிங்' கொடுத்து ரீசெட் செய்துவிடுவேன். பழைய ஆள் வேறு என்னென்ன போட்டு வைத்திருந்தாரோ!

கே: கமாண்ட் பிராம்ப்ட்டில் 'நெட் யூசர்' அடித்தால் அட்மினிஸ்ட்ரேட்டர், கெஸ்ட் என்று நாங்கள் உருவாக்காத பெயர்கள் வருகின்றன. ஹேக் ஆகிவிட்டதா?

இல்லை, அவை விண்டோஸோடு பிறந்தவை. அழிக்க முடியாது. விஸ்டா காலத்திலிருந்தே அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு வழக்கமாக முடக்கப்பட்டுத்தான் வருகிறது. 'நெட் யூசர் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று அடித்து, 'அக்கவுன்ட் ஆக்டிவ்' வரியைப் பாருங்கள். 'நோ' என்றால் சரி. 'எஸ்' என்றால், ரிப்பேர் பார்த்தவர் திறந்துவிட்டு மூட மறந்திருப்பார். என் லேப்டாப்பிலேயே ஒருமுறை நடந்தது, அதுவும் பாஸ்வேர்டு இல்லாமல்.

கே: மகனின் கணக்கை அழித்தேன். ஆனால் சி டிரைவில் அவன் ஃபோல்டர் 40 ஜிபியோடு அப்படியே நிற்கிறது. செக்யூரிட்டி டேபில் 'அக்கவுன்ட் அன்நோன்', பக்கத்தில் நீள எண்.

விண்டோஸுக்கு உங்கள் மகனின் பெயர் முக்கியமில்லை, அந்த எண்தான் ஆள். எஸ்ஐடி என்பார்கள். கணக்கு போனதும் எண் அநாதையாகிவிட்டது. அதே பெயரில் மறுபடி கணக்கு தொடங்கினாலும் புது எண்தான் கிடைக்கும், பழைய ஃபோல்டர் தானாக ஒட்டாது. படங்களை வேறிடத்தில் நகலெடுங்கள். பிறகு ஸ்டார்ட்டில் 'அட்வான்ஸ்ட் சிஸ்டம் செட்டிங்ஸ்' தேடித் திறந்து, 'யூசர் புரொஃபைல்ஸ்' பகுதியில் அந்த 'அன்நோன்' வரியை டெலீட் செய்யுங்கள். ஃபோல்டரை மட்டும் அழித்தால் விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் அதன் மிச்சம் தங்கிவிடும்.

கே: 'டிஃபால்ட்யூசர்0' யார்?

விண்டோஸ் நிறுவும்போது தற்காலிகமாக உருவாகி, போகாமல் தங்கிவிட்ட கணக்கு. உங்கள் அட்மின் கணக்கில் நுழைந்து தாராளமாக அழிக்கலாம்.