முப்பத்தாறு ஃபிரேமும் ஓர் எறும்பும்: ஃபிலிம் மேக்ரோ கேள்வி-பதில்

மேக்ரோ, அதாவது சின்னப் பொருளை மிகக் கிட்டே போய்ப் பெரிதாக எடுப்பது பற்றி இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் "எந்த லென்ஸ் வாங்கலாம்?" ரகம். எல்லாவற்றையும் சேர்த்து முதல் பதிலிலேயே முடித்துவிடுகிறேன். நான் பார்த்தவரை தோட்டத்துப் பூச்சிப் படங்களைக் கெடுப்பது வெளிச்சம்தான். லென்ஸ் மேல் பழி போடுவது சுலபம், அவ்வளவுதான்.

கே: பழைய எஸ்எல்ஆர் (லென்ஸ் வழியாகவே பார்த்து எடுக்கும் கேமரா) ஒன்றும் 50 எம்எம் லென்ஸும்தான் கையில் இருக்கிறது. எறும்பை எடுக்க மேக்ரோ லென்ஸ் வாங்கியே ஆக வேண்டுமா சார்?

வேண்டாம். முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 50 எம்எம் லென்ஸ்கள் பெரும்பாலும் 45 செ.மீ. வரைதான் கிட்டே போகும். அந்தத் தூரத்தில் ஒரு பொருள் ஃபிலிமில் தன் அளவில் ஏழில் ஒரு பங்காக விழும். 6 மி.மீ. எறும்பு 1 மி.மீ.கூடத் தேறாது. ஃபிரேமின் அகலமோ 36 மி.மீ. பிரிண்ட் போட்டால் யாரோ பேனாவால் குத்தியதுபோல ஒரு புள்ளி தெரியும்.

எக்ஸ்டென்ஷன் ட்யூப் வாங்குங்கள். அது வெறும் வளையம், உள்ளே கண்ணாடி கிடையாது. லென்ஸைக் கேமராவிலிருந்து தள்ளி நிறுத்துவது மட்டுமே அதன் வேலை. லென்ஸை இன்ஃபினிட்டியில் (மிகத் தொலைவுக்கான ஃபோகஸில்) வைத்துக்கொண்டு, ட்யூபின் நீளத்தை லென்ஸின் குவியத் தூரத்தால் (அந்த 50 எம்எம் எண்) வகுத்தால் உருப்பெருக்கம் வந்துவிடும். 50 எம்எம் லென்ஸுக்கு 25 மி.மீ. ட்யூப் போட்டால் பாதி அளவு, 50 மி.மீ. போட்டால் ஒன்றுக்கு ஒன்று, அதாவது நிஜ அளவு. திருகு மவுண்ட் கேமராக்களுக்கு 7, 14, 28 என மூன்று வளையங்கள் கொண்ட செட் உண்டு. மூன்றையும் சேர்த்தால் 49. நம் எறும்பு இப்போது ஃபிரேமில் ஆறில் ஒரு பங்கு.

இன்னும் பெரிதாக வேண்டுமென்றால் ரிவர்ஸ் ரிங். லென்ஸைத் தலைகீழாகத் திருப்பி மாட்டுவது. 28 எம்எம் லென்ஸைத் திருப்பிப் போட்டால் நிஜ அளவைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு கிடைக்கும். ஆனால் லென்ஸின் பின்கண்ணாடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், ஆட்டோ அப்பர்ச்சர் (படமெடுக்கும் நொடியில் லென்ஸின் ஒளித்துளை தானாகச் சுருங்குவது) வேலை செய்யாது. அப்பர்ச்சர் வளையம் இல்லாத லென்ஸாக இருந்தால் இந்த யோசனையை விட்டுவிடுங்கள். லென்ஸின் முன்னால் மாட்டும் பூதக்கண்ணாடி போன்ற க்ளோஸ்-அப் ஃபில்டர் 100, 200 எம்எம் லென்ஸ்களோடு நன்றாக ஒத்துப்போகும். அதிலும் இரட்டைக் கண்ணாடி கொண்டதாகப் பாருங்கள். ஒற்றைக் கண்ணாடியில் ஓரங்கள் கரைந்துபோகும்.

லென்ஸ் மேல் "மேக்ரோ" என்று எழுதியிருந்தாலே மயங்கவும் வேண்டாம். பெயர்பெற்ற 55 எம்எம் மைக்ரோ-நிக்கோரே தனியாகப் பாதி அளவுவரைதான் போகும். முழு அளவுக்கு அதற்கும் 27.5 மி.மீ. வளையம் ஒன்று தேவை. ஜூம் லென்ஸில் அச்சடித்த "மேக்ரோ" பல சமயம் கால் பங்கோடு நின்றுவிடும்.

கே: கை மீட்டரில் அளந்து அப்படியே வைக்கிறேன். ட்யூப் போட்ட படங்கள் மட்டும் இருட்டாக வருகின்றன. மீட்டர் பழுதா?

மீட்டர் சரியாகத்தான் இருக்கிறது. லென்ஸைத் தள்ளி நிறுத்தியதும் அதே வெளிச்சம் பெரிய பரப்பில் பரவுகிறது, அதனால் மங்குகிறது. லென்ஸில் வைத்த எஃப் எண்ணை (ஒளித்துளையின் அளவு; எண் கூடினால் துளை சிறிது) எடுத்து, (1 + உருப்பெருக்கம்) ஆல் பெருக்குங்கள். ஒன்றுக்கு ஒன்றில் எஃப் 8 என்பது உண்மையில் எஃப் 16, அதாவது 2 ஸ்டாப் நஷ்டம் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது). பாதி அளவில் 1 ஸ்டாப்பும் கொஞ்சமும். லென்ஸ் வழியாக அளக்கும் கேமரா இதைத் தானே பார்த்துக்கொள்ளும். க்ளோஸ்-அப் ஃபில்டருக்கு இந்தக் கழிவு இல்லை.

கே: வெளிச்சம் போதவில்லை என்று ஃப்ளாஷ் போட்டேன். வண்டு முதுகில் வெள்ளைப் பொட்டு, பின்னால் கன்னங்கரேல். ஃப்ளாஷை விட்டுவிடலாமா?

விடாதீர்கள், அதைவிட நல்ல நண்பன் கிடையாது. என் முதல் பொறிவண்டு ரோலும் இதே கதைதான். 36 படங்களிலும் முதுகில் வெல்டிங் பொறி மாதிரி ஒரு வெள்ளை. வண்டின் ஓடு கண்ணாடி மாதிரி, எதிரே இருப்பதைக் காட்டும். அங்கே விழுந்தது ஃப்ளாஷின் சின்ன ஜன்னலின் பிம்பம். அந்த ஜன்னலைப் பெரிதாக்கினால் பொட்டும் மென்மையான பளபளப்பாக மாறிவிடும். பால் நிறப் பிளாஸ்டிக் டப்பாவின் பக்கத்தை வெட்டுங்கள், அல்லது கம்பிச் சட்டத்தில் இரண்டு மடிப்பு டிஷ்யூ பேப்பர் ஒட்டுங்கள். அதை ஃப்ளாஷோடு ஒட்டாமல் சில செ.மீ. தள்ளி, பூச்சிக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக வைக்க வேண்டும். நெருக்கம்தான் முக்கியம். ஒரு சாண் தள்ளினால் பெரிய டிஷ்யூவும் சின்ன ஜன்னலாகிவிடும்.

ஃபிலிமில் பின்திரையைப் பார்த்துச் சரிசெய்ய முடியாது, ஆகவே கணக்கு. ஃப்ளாஷின் வலுவைச் சொல்லும் கைடு நம்பர் 12 (மீட்டரில், ஐஎஸ்ஓ 100 வேக ஃபிலிமுக்கு) என்று வைத்துக்கொள்வோம். பூச்சியிலிருந்து ஃப்ளாஷ் 25 செ.மீ. 12-ஐ 0.25 ஆல் வகுத்தால் எஃப் 48. ஒன்றுக்கு ஒன்று என்பதால் அதை 2 ஆல் வகுக்க, 24. டிஷ்யூ ஏறத்தாழ ஒரு ஸ்டாப் விழுங்கும். ஆக லென்ஸில் எஃப் 16. முதல் ரோலில் இதற்கு ஒரு ஸ்டாப் மேலும் கீழும் வைத்து எடுத்துப் பாருங்கள். சரியாக வந்த அமைப்பை ஃப்ளாஷ் முதுகிலேயே பேப்பர் டேப்பில் எழுதி ஒட்டிவிடுங்கள். தூரம் மாறாதவரை இனி மீட்டர் தேவையில்லை.

பின்னணி கறுப்பாவது ஏன்? வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்தில் குறைகிறது. பூச்சி 25 செ.மீ.யில், பின்னால் உள்ள செடி 1 மீட்டரில் என்றால் செடிக்குப் போவது பதினாறில் ஒரு பங்குதான். பூச்சிக்கு ஒரு ஜாண் பின்னால் ஒரு பழுத்த இலையோ பச்சை இலையோ இருக்கும் கோணத்தைத் தேடுங்கள், போதும்.

இன்னொன்று, உச்சி வெயிலில் ஃப்ளாஷ் போட்டால் பூச்சிக்கு நிழலுரு ஒன்று முளைக்கும். பழைய கேமராக்களில் ஃப்ளாஷ் ஒத்துழைக்கும் வேகம் 1/60 தான். அந்த நேரத்துக்குள் வெயிலும் தன் பங்குக்கு ஒரு மங்கல் படத்தைப் பதிந்துவிடும். நிழலில் எடுத்தால் ஃப்ளாஷ் மட்டுமே பேசும். அது மின்னும் நேரம் ஆயிரத்தில் ஒரு வினாடிக்கும் குறைவு என்பதால் கை நடுக்கமும் காற்றும் தெரியாது.

கே: ஃபோகஸே பிடிபடவில்லை. வியூஃபைண்டரின் நடுவட்டத்தில் பாதி கறுத்துவிடுகிறது. எஃப் 32 வரை மூடினால் எல்லாம் துல்லியமாகிவிடுமா?

நடுவட்டம் கறுப்பது இயல்பு. அது வெளிச்சம் குறைந்தால் வேலை செய்யாது. அதைச் சுற்றியுள்ள சாதாரண மங்கல் கண்ணாடிப் பகுதியில் பாருங்கள். ஃபோகஸ் வளையத்தைத் தொடவே வேண்டாம். அளவை முடிவுசெய்து வளையத்தை விட்டுவிட்டு, முழங்கை ஊன்றி, உடம்பை மட்டும் இம்மி இம்மியாக முன்னே சாய்க்க வேண்டும். கண் தெளியும் நொடியில் அழுத்துங்கள். காலோ சிறகோ மங்கினால் பரவாயில்லை, கண் மங்கினால் படம் போச்சு.

ஒன்றுக்கு ஒன்றில் எஃப் 8 தரும் ஆழம் (துல்லியமாகத் தெரியும் பகுதியின் தடிமன்) சுமார் 1 மி.மீ., எஃப் 16 தருவது 2 மி.மீ. அதற்கு மேல் மூடினால் ஆழம் கூடும், ஆனால் ஒளி விளிம்பில் வளைந்து படம் முழுக்க மெழுகு தடவினதுபோல் மங்கும். எஃப் 16 இங்கே ஏற்கெனவே எஃப் 32 என்பதை மறக்காதீர்கள். நான் 16-இல் நின்றுவிடுவேன். ஆழம் போதாவிட்டால் கோணத்தை மாற்றுவேன். 5 மி.மீ. குதிக்கும் சிலந்தியை எதிரே நின்று எடுத்தால் முகம் மட்டும்தான். ஃபிலிமும் அதன் உடம்பின் நீளமும் இணையாக இருக்கப் பக்கவாட்டில் எடுத்தால் அதே 2 மி.மீ.யில் சிலந்தியின் பெரும்பகுதி அடங்கும்.

கே: ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் முடியுமா?

வீண் முயற்சி. வியூஃபைண்டர் பார்க்கும் இடமும் லென்ஸ் பார்க்கும் இடமும் வேறு வேறு. கிட்டே போகப் போக அந்த வித்தியாசம் பூச்சியைவிடப் பெரிதாகிவிடும்.

கே: பூச்சியை ஃப்ரிட்ஜில் வைத்து மந்தமாக்கி எடுக்கலாம் என்கிறார்களே?

சொல்பவர்கள் சொல்லட்டும், நான் செய்ய மாட்டேன். மந்தமான பூச்சி படத்திலும் மந்தமாகவே தெரியும். கால்கள் மடங்கி, உணர்கொம்பு தொங்கி, பார்த்தவுடனே காட்டிக்கொடுத்துவிடும். விடியற்காலையில் போங்கள். இரவுக் குளிரில் உடம்பு சூடேறாத தும்பி, வெயில் படும்வரை தண்டைப் பிடித்தபடியே இருக்கும், சிறகெல்லாம் பனித்துளி. பகலில் என்றால் உங்கள் நிழல் அதன்மேல் விழாத பக்கமாக, தாழ்வாக, மெல்லப் போக வேண்டும். செடி ஆடினால் தண்டைத் துணி கிளிப்பால் ஒரு குச்சியோடு கவ்விவிடுங்கள்.

கே: கும்பிடுபூச்சி படத்தில் கண்ணுக்குள் கறுப்புப் புள்ளி. எந்தப் பக்கம் எடுத்தாலும் என்னையே பார்க்கிறது! ஃபிலிம் கோளாறா?

கோளாறு இல்லை, அதிர்ஷ்டம்: கண்ணில் ஃபோகஸ் விழுந்திருக்கிறது. கூட்டுக் கண்ணின் ஆயிரக்கணக்கான சிறு அலகுகளில் நேராக உங்களை நோக்குபவை வெளிச்சத்தை உள்ளே விழுங்கிவிடும், அதனால் கறுப்பாகத் தெரியும். நீங்கள் நகர்ந்தால் வேறு அலகுகள் அந்த வேலைக்கு வரும், புள்ளியும் கூடவே வரும்.

கே: எந்த ஃபிலிம்?

ஃப்ளாஷ் இருந்தால் ஐஎஸ்ஓ 100 போதும். கற்றுக்கொள்ளும்வரை கலர் நெகட்டிவ். வெளிச்சம் ஒரு ஸ்டாப் கூடினாலும் பொறுத்துக்கொள்ளும். ஸ்லைடு (நிறங்கள் நேராகவே தெரியும் ஃபிலிம்) அரை ஸ்டாப் பிசகையே காட்டிக்கொடுக்கும், ஆனால் வண்டின் பச்சையை லைட் பாக்ஸில் பார்த்தவர்கள் நெகட்டிவுக்குத் திரும்புவது கஷ்டம். கோடக் 2018-இல் எக்டாக்ரோம் இ100 ஸ்லைடு ஃபிலிமை மறுபடி கொண்டுவந்தபோது நான் முதல் ரோலை முழுக்க ஒரே சிலந்திக்குச் செலவழித்தேன்.

கே: ரோல் கழுவி வருவதற்குள் எதை எப்படி எடுத்தேன் என்பதே மறந்துவிடுகிறது.

சட்டைப்பையில் சின்ன நோட்டு, பென்சில். பனியில் மை கலைந்துவிடும். நான் எழுதுவது ஒரு வரி: "14: அசுவினி, ட்யூப் 49, எஃப் 16, ஃப்ளாஷ் 25, காற்று." நெகட்டிவ் வந்ததும் 14-ஆம் ஃபிரேமையும் அந்த வரியையும் லூப்பின் (சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி) அடியில் வைத்துப் பாருங்கள். ஃபிரேம் எண்ணை மட்டும் எடுத்த உடனே எழுதிவிடுங்கள். ஒன்று தவறினால் மீதி எல்லாம் வரிசை மாறிவிடும்.