சாக்பீஸ் வட்டங்கள்

கேள்வி: நான் ஓர் ஓவியன், வயது 43. கலைக் கல்லூரி ஒன்றில் பன்னிரண்டு ஆண்டுகளாக முதலாண்டு மாணவர்களுக்கு அடிப்படை ஓவியப் பயிற்சி அளிக்கிறேன். கோடு, வடிவம், ஒளி நிழல், வண்ணம் என்று அதே பாடத்தைச் சொல்லிச் சொல்லி என் கை மரத்துவிட்டது. கடைசியாகக் கண்காட்சி வைத்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. மேல் வகுப்பு எடுப்பவர்கள் என்னை 'பென்சில் சீவும் வாத்தியார்' என்று கேலி செய்கிறார்கள். வேலைப்பளுவைக் குறைக்க என்னால் ஆனதைச் செய்துவிட்டேன். மாணவர்கள் பார்த்து வரைவதற்காகப் பொருள்களை வைக்கும் ஸ்டில் லைஃப் மேசையில் உள்ள குடத்தையும் சீசாவையும் மூன்று ஆண்டுகளாக மாற்றவில்லை, துப்புரவுப் பணியாளர் நகர்த்தினாலும் அதே இடத்தில் திரும்ப வைப்பதற்காக அவற்றைச் சுற்றி சாக்பீஸால் வட்டம் போட்டிருக்கிறேன். அப்படியும் வரைவதற்கு நேரம் கிடைப்பதில்லை. வேலையை விட்டுவிட்டு முழுநேர ஓவியனாகலாம் என்றிருக்கிறேன். என் மனைவியும் வேலைக்குச் செல்கிறார். அவர் மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைகள் இருவரும் பள்ளியில் படிக்கிறார்கள். என் முடிவு சரிதானா?

பதில்: உங்கள் கடிதத்தை ஒரு முறை படித்தேன், அதில் சாக்பீஸ் வட்டத்தைப் பற்றிய வரியை மட்டும் நான்கு முறை படித்தேன். மற்றவற்றையெல்லாம், கற்பிக்கும் கலைஞர்கள் எழுதும் கடிதங்களில் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். பாடம் சலித்துவிட்டது, கண்காட்சி வைக்க முடியவில்லை, சகாக்கள் மதிப்பதில்லை. இந்த வட்டத்தை மட்டும் எவரும் எழுதியதில்லை, நீங்களும் அதைப் புகாராக எழுதவில்லை, உங்கள் சாமர்த்தியமாகவே எழுதியிருக்கிறீர்கள்.

ஓர் ஓவியம் முடியும்வரை பொருள்கள் இடம் மாறாதிருக்க அடையாளம் போட்டு வைப்பது எல்லா ஸ்டுடியோவிலும் உள்ள வழக்கம்தான். அது ஒரு வாரத்துக்கு இருக்கலாம், இரண்டு வாரத்துக்கு இருக்கலாம். மூன்று ஆண்டுகள் என்றால் மூன்று அணி மாணவர்கள் அதே குடத்தை, அதே சீசாவுக்குப் பக்கத்தில் வைத்து வரைந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். குடத்தின் நிழல் எந்தப் பக்கம் விழும் என்பதை மூத்த மாணவன் இளையவனுக்கு உணவு இடைவேளையிலேயே சொல்லிக் கொடுத்திருப்பான். பிறகு அந்த அறையில் உங்களுக்கு என்ன வேலை?

குடம் எதற்காக அந்த மேசையில் இருக்கிறது என்பதை உங்களுக்கே நினைவூட்ட வேண்டியிருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. முதன்முதலாக வரைய வரும் பிள்ளை, குடத்தின் வாய் வட்டமானது என்று தனக்குத் தெரிந்திருப்பதால், எங்கிருந்து பார்த்தாலும் அதை வட்டமாகவே வரைகிறது. அடிப்பாகம் தட்டையான மேசையில் இருக்கிறது என்று தெரிந்திருப்பதால் அங்கே நேர்கோடு போடுகிறது. கண் மட்டத்துக்குக் கீழே இறங்க இறங்க அந்த வளைவு விரிகிறது என்பதையும், வாயைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்தால் அது வெறும் கோடாகிவிடுகிறது என்பதையும் வாயால் விளக்கிப் புரிய வைக்க முடியாது. குடத்தை ஒரு சாண் உயர்த்தி வைத்தால் நேற்றுச் சரியாக வரைந்த பிள்ளை இன்று திணறும். அதை இன்னும் ஒரு விரற்கடை தள்ளி வைத்தால், குடத்துக்கும் சீசாவுக்கும் நடுவில் கிடந்த அந்த ஒல்லியான வெற்றிடம் வேறு உருவம் கொள்ளும். பிள்ளை அந்த வெற்றிடத்தைப் பார்த்து வரையத் தொடங்கும் நாளில்தான் அதற்குக் கண் திறந்தது என்று பொருள். முதலாண்டுப் பாடத்தின் சாரமே இதுதான். இதைச் செய்ய ஆசிரியருக்குத் தேவைப்படுவது காலையில் ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடித்து, மூன்று ஆண்டுகளில் எத்தனை ஓவியம் வரைந்தீர்கள்?

ஜெர்மனியில் பிறந்த ஓவியர் ஜோசப் ஆல்பர்ஸை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. ஆரம்பப் பள்ளி ஆசிரியராக இருந்தவர், 1920-இல், தம் 32-ஆவது வயதில், ஜெர்மனியின் பௌஹௌஸ் கலை, வடிவமைப்புப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்து, இளைஞர்களோடு உட்கார்ந்து அடிப்படை வகுப்பில் படித்தார். 1923 முதல் அதே வகுப்பைத் தாமே நடத்தினார். நாஜிகளின் நெருக்கடியால் 1933-இல் அந்தப் பள்ளி மூடப்பட்டபோது, ஆங்கிலம் ஏறக்குறைய தெரியாத நிலையில் அமெரிக்காவுக்குப் போய் பிளாக் மவுன்டன் கல்லூரியில் மறுபடியும் காகிதம் மடிப்பதிலிருந்தும் கோடு போடுவதிலிருந்தும் தொடங்கினார். அங்கே அவரிடம் படித்தவர்களில், பின்னாளில் பெயர் பெற்ற கலைஞர்களான ரூத் அசாவாவும் ராபர்ட் ரவுஷன்பர்கும் உண்டு. ஒரே நிறத்தை இரு வேறு பின்னணிகளில் வைத்து இரண்டு நிறங்களாகத் தோன்றச் செய்யும் பயிற்சியை அவர் வண்ணக் காகிதத் துண்டுகளைக் கொண்டே நடத்தினார். சதுரத்துக்குள் சதுரமாக அவர் வரைந்த புகழ்பெற்ற வரிசை, 1950-இல், அறுபது வயதைக் கடந்த பிறகு தொடங்கியது. வகுப்பறையில் கேட்ட கேள்வியைத்தான் அவர் தாம் ஓவியம் தீட்டிய பலகையிலும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவரும் 26 ஆண்டுகள் அதே சதுரங்களைத்தானே வரைந்தார் என்று நீங்கள் வாதாடக்கூடும். உண்மைதான், 1976-இல் இறக்கும்வரை ஆயிரத்துக்கும் மேல் வரைந்தார். வடிவத்தை அவர் அசையாமல் நிறுத்தியது, நிறம் என்னவெல்லாம் செய்கிறது என்று பார்ப்பதற்காக. எந்தெந்த வண்ணக் குழாயைப் பயன்படுத்தினார் என்பதை ஒவ்வொரு பலகையின் பின்புறத்திலும் குறித்து வைத்தார். நீங்கள் குடத்தை நிறுத்தியது எதையும் பார்க்காமல் இருப்பதற்காக. கை மரத்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள், மரத்தது கண். வேலையை விட்டாலும் அதே கண்ணோடுதான் உங்கள் ஸ்டுடியோவுக்குள் நுழைவீர்கள்.

கேலி செய்யும் சகாக்களைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. அவர்களிடம் வந்து சேரும் மாணவர்களுக்குக் குடம் வரையத் தெரியவில்லை என்றால், அந்தக் கேலியில் பாதி நியாயம் இருக்கிறது.

இனி வீட்டுக்கு வருவோம். மனைவி 'மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். சம்மதித்தார் என்று எழுத உங்களுக்குக் கை வரவில்லை பாருங்கள். ஒரு சம்பளம் நின்றால் எந்தச் செலவை யார் சுமப்பது, எத்தனை மாதம் சுமப்பது என்று கணக்கு எழுதி அவர் முன் வைத்தீர்களா? வைக்காமல் பெற்ற மௌனத்தை அனுமதியாக எடுத்துக்கொள்வதை நான் ஏமாற்று என்றுதான் சொல்வேன். கலைக்காகக் குடும்பம் தியாகம் செய்ய வேண்டும் என்று பேசுகிறவர்களை நான் மதிப்பதில்லை. தியாகம் செய்பவர் வேறு, பெயர் வாங்குபவர் வேறு என்றிருக்கும் அந்த ஏற்பாட்டில் எனக்கு என்றுமே உடன்பாடு இருந்ததில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஓவியம் படிக்கப் போகிறேன் என்று ஒரு பிள்ளை சொல்லும்போது, பெரும்பாலான வீடுகளில் ஒருவராவது அதற்காகச் சண்டை போட்டு, மற்றவர்களைச் சமாதானப்படுத்தி அனுப்பியிருப்பார். அந்த வீடுகளுக்கும் நீங்கள் கடன்பட்டவர்.

இரண்டு பருவங்கள் முடியும்வரை ராஜினாமா என்ற பேச்சை எடுக்காதீர்கள். வாரத்தில் ஒரு வகுப்பிலாவது உங்கள் ஓவியத் தாங்கியை (ஈசல்) மாணவர்களுக்கு நடுவில் போட்டு, அவர்கள் வரையும் அதே மேசையை நீங்களும் வரையுங்கள். தவறாக வந்தால் அவர்கள் பார்க்கும்படியே அழித்து மறுபடி போடுங்கள். ஆசிரியர் அழிப்பதைப் பார்த்திராத மாணவனுக்குத் தன் பிழை அவமானமாகவே இருக்கும். இரண்டு பருவம் கழிந்தும் விலகத் தோன்றினால், அந்தக் கணக்குத் தாளோடு மனைவியின் எதிரில் உட்காருங்கள். அவர் சரி என்று வாய்விட்டுச் சொன்னால் தாராளமாக விலகுங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

நாளைக் காலை மாணவர்கள் வருமுன் போய், குடத்தையும் சீசாவையும் தரையில் இறக்கி வைத்துவிட்டு, அந்த வட்டங்களைத் துடையுங்கள். ஈரத் துணியால் துடையுங்கள். மூன்று ஆண்டுத் தடம் காய்ந்த துணிக்குப் போகாது, மேசை முழுவதும் பரவத்தான் செய்யும்.